சீனியம்மா தைத்த சோடிக் கிளி

கொட்டாஞ்சேனையில் எங்கள் மேல்மாடியில் இருக்கும் சீனியம்மா தன் நிழலையே நம்பமாட்டாள். மீன் வாங்கினால் செவுளைப் பார்ப்பது சரி, இவள் கடையில் வாங்கும் பாண் ரொட்டியையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஆனால் ஊசி பிடித்தால் அந்தக் கை கோணாது. கல்யாணச் சட்டைகளுக்கு அவள் போடும் பூவேலைக்காக வெள்ளவத்தையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

கொம்பனித்தெருவில் நதா என்றொரு பெண், துணிக்குள் மின்சாரத்தை வைத்துப் புதுப்புதுச் சாமான்கள் செய்கிறாள். அவள் சீனியம்மாவிடம் வெள்ளிபோல மின்னும் நூலைக் கொடுத்து, இரண்டு குஷன் உறைகளில் உறைக்கொரு கிளி தைக்கச் சொன்னாள். அந்த நூலில் மின்சாரம் ஓடும். ஒரு கிளியைத் தொட்டால், மற்றது எங்கே இருந்தாலும் அதன் வயிற்றில் வெளிச்சம் வரும். சீனியம்மா முதலில் நூலைக் கடித்துப் பார்த்தாள். தொடுவது தெரிகிற துணிக்கு நாம் பேசுவது கேட்காதா என்று அவளுக்குச் சந்தேகம். தைத்து முடியும்வரை அதன் பக்கத்தில் வைத்து டெலிபோனைக்கூட எடுக்கவில்லை.

முதல் சோடியைக் கொஞ்ச நாள் பாவித்துப் பார்க்கும்படி நதா அவளிடமே கொடுத்தாள். தண்ணீர் மட்டும் படக்கூடாது என்றாள்.

சீனியம்மாவின் ஒரே மகள் நிஷாந்தினி, வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். விரும்பிச் செய்த கல்யாணம். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளையை அவர்கள் மனசார ஏற்றிருப்பார்களா என்பதுதான் தாயை அரித்த கேள்வி. போனில் கேட்டால் மகள் ஒரு குறையும் சொல்வதில்லை. பக்கத்தில் மாமியார் நேசமலர் நிற்பாள், பிள்ளை எப்படிச் சொல்லும்? அதனால் ஒரு குஷனைப் பரிசென்று கொண்டுபோய்க் கொடுத்தாள். ஏதாவது கஷ்டமென்றால் கிளியைத் தொடு, நான் வந்து நிற்பேன் என்று மகளின் காதில் மட்டும் சொன்னாள். அந்த அவசரத்தில் தண்ணீர் விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சீனியம்மாவிடம் இருந்த கிளி வெளிச்சம் போட்டது. போட்டது அணையவே இல்லை. பிள்ளை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறாள் என்று நினைத்தாள். போன் அடித்தாள், எடுக்க ஆளில்லை. ஓட்டோவில் ஏறியவள் வெள்ளவத்தை போய்ச் சேர்வதற்குள் பூட்டிய அறையையும் மண்ணெண்ணெயையும்கூடக் கற்பனை செய்துவிட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே.

நேசமலர் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தாள். சீனியம்மா உள்ளே கால் வைக்கவில்லை.

“எம்புள்ளய என்னா செஞ்சீங்க? தோட்டத்துப் புள்ள, கேக்க ஆளில்லன்னு நெனச்சீங்களா?”

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. நிஷாந்தினி ஈரத்தலையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்தாள். ஹாலில் பெரிய நாற்காலியில், வருபவர் கண்ணில் படும்படி குஷன் இருந்தது. கிளியின் சிறகில் ஈர மஞ்சள். புதுத்துணியை மஞ்சள் வைக்காமல் புழங்கக்கூடாது என்று, வெள்ளிக்கிழமை பார்த்து நேசமலர்தான் தன் கையால் பூசி எடுத்து வைத்திருந்தாள். ஈரத்தைக் கிளி மனிதக் கை என்று எடுத்துக்கொண்டது.

இதை விளக்கப் போய், தாயும் மகளும் பேசிவைத்த இரகசியமும் வெளியே வந்துவிட்டது. நேசமலர் சத்தம் போடவில்லை.

“சம்பந்தி தைச்சுத் தந்தது எண்டு வாற சனத்துக்கெல்லாம் காட்டவெண்டு வைச்சனான். நீங்கள் எங்களை உளவு பாக்கவோ இதைத் தந்தனீங்கள்?”

கேட்டுவிட்டு உள்ளே போனாள். சீனியம்மாவுக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. காலில் விழுகிறேன் என்று பின்னால் போகப் பார்த்தவளை மகள் தடுத்து, படி இறக்கிக் கீழே கூட்டிவந்தாள். குஷனைத் தாயின் கையில் வைத்தாள்.

“இதையும் கொண்டு போங்க. ஒரு வழி இருந்திச்சு, அதையும் நீங்களே அடச்சுட்டீங்க. இனிமே ஒண்ணுன்னா நான் யாருக்கும்மா சொல்றது?”

அப்படியென்றால் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று சீனியம்மா கேட்க வாயெடுத்தாள். மேலேயிருந்து நேசமலர் கூப்பிடும் குரல் கேட்டது. நிஷாந்தினி திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டாள்.