ஐயாவுக்கு ஒதுக்கிய அரை நாள்

நேற்றுப் பின்னேரம் சுகன்யா கதிரையை இழுத்துக்கொண்டு என் மேசையடிக்கு வந்தாள். கந்தோருக்குப் புதிதாக வந்த பிள்ளை, எதையும் ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் செய்வாள். எங்கள் பணிப்பாளர் அடுத்த மாதம் அரசாங்க அலுவலாக வெளிநாடு போகிறார். பயண ஒழுங்கு முழுவதும் அவள் தலையில்.

“அக்கா, எல்லாம் போட்டிட்டன். வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு மட்டும் ஒண்டுமில்லை. அதுக்கு என்ன போடுறது?”

திரையில் அந்த ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. பார்த்தவுடன் எனக்கு இறால் கருவாடு மணத்தது. ஏசி போட்ட அறைக்குள் இறால் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். மூக்கு எந்தச் சுற்றறிக்கைக்கும் கட்டுப்படாது. “பிறகு சொல்லுறன் பிள்ளை” என்று அவளை அனுப்பிவிட்டேன்.

சுகன்யாவின் வயதில் நானும் இதே வேலையைச் செய்தேன். சண்டை முடிந்து முகாமில் இருந்து திரும்பி வந்து, கிளிநொச்சியில் கந்தோர் தகரக் கூரையின் கீழ் நடந்த காலம் அது. மழை பெய்தால் தொலைபேசியில் கதைக்க முடியாது. அப்போதிருந்த பணிப்பாளர் ஐயாவுக்கு நெதர்லாந்தில் பயிற்சி ஒன்று வந்தது. குளம், வாய்க்கால் பராமரிப்புப் பற்றியது. ஐயா யாழ்ப்பாணத்துச் சைவம், முட்டை போட்ட கேக்கையும் தொடமாட்டார். கந்தோர் என்ற சொல்லே அந்த நாட்டு ஒல்லாந்தர் விட்டுப்போனதுதான் என்று அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். கண்டாவளைப் பக்கம் வாய்க்கால் பார்க்கப் போனால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்குவார். எனக்கு அவரைப் பிடிக்கும். அதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

அமைச்சின் அனுமதி, அரசாங்கக் கடவுச்சீட்டு, விசா, அவர் இல்லாத நாட்களில் ஆர் கையெழுத்து வைப்பது என்று நான் ஓடிய ஓட்டம் கொஞ்சமல்ல. விமானத்தைக் கிட்டப் பார்த்தறியாதவள், அதில் சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கொழும்புக்குப் போன் அடித்து விசாரித்தேன். வவுனியாவில் பழைய உடுப்புக் கடையெல்லாம் ஏறி இறங்கிக் குளிர் கோட்டு ஒன்று வாங்கினோம். அதைப் போட்டபோது ஐயாவின் கைவிரல்கள் உள்ளே போய்விட்டன. வெள்ளிக்கிழமை ஒட்டுசுட்டான் வழியாக வீட்டுக்குப் போகிற பஸ் எப்போது வரும் என்று சொல்லத் தெரியாத நான், நெதர்லாந்தின் ரயில் நேரங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

மனப்பாடம் செய்ததற்குக் காரணம் இருந்தது. என் அண்ணன் அந்த நாட்டில்தான் இருந்தான். சண்டைக்கு முன்னமே போனவன். அங்கே தங்க விசாவை மறுத்துவிட்டார்கள் என்று கடைசியாகப் போனில் சொன்னான். அதற்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தெரியாது. எங்களிடம் இருந்தது அவன் இருந்த வீட்டு விலாசம் மட்டும். ஐயா தங்கப்போகும் இடத்தில் இருந்து அந்த ஊருக்கு ரயிலில் கொஞ்ச நேரம்தான்.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “அதுக்கென்ன பிள்ளை, நீர் எனக்காக இவ்வளவு ஓடுறீர். உம்மடை அண்ணனைப் பாத்துப்போட்டுத்தான் வருவன்” என்றார். வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அரை நாளை வெறுமையாக விட்டு நிகழ்ச்சி நிரலை அடித்தேன். எந்த ரயில் மேடையில் ஏறி எந்தப் பக்கம் இறங்குவது என்றுகூட எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போனால் வெறுங்கையோடு விடமாட்டோம். ‘அங்கைதானே போறீங்கள், பிள்ளையிட்டைக் குடுத்துவிடுங்கோ’ என்று பொதியோடு வந்து நிற்போம். நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பம். அம்மா சின்ன இறாலாகப் பார்த்து வாங்கி, தலை கிள்ளி, காகத்துக்குக் காவல் இருந்து காய வைத்தா. பால்மாத் தகரப் பேணியில் அடைத்து மூடியைச் சுற்றி ரேப் ஒட்டினா. சைவக்காரர் கொண்டுபோகிற சாமான் என்பதால் அதற்கு மேலே மூன்று பொலித்தீன் பை. அப்படியும் மணத்தது. ஐயா சிரித்துக்கொண்டே வாங்கினார்.

அவர் திரும்பி வந்த செய்தி கேட்டு அம்மா முதல் பஸ்ஸில் கந்தோருக்கு வந்துவிட்டா. ஐயா அவவைத் தன் முன்னால் இருத்தித் தேத்தண்ணி எடுப்பித்தார்.

“கண்டனீங்களோ ஐயா?”

“ஓம் அம்மா, கண்டனான். சுகமா இருக்கிறார்.”

“மெலிஞ்சு போனானோ?”

“கொஞ்சம் மெலிவுதான்.”

“நெத்தியிலை அந்தக் காயத் தழும்பு?”

“இன்னும் தெரியுது. பேணியைத் திறந்தவுடனை வீடு முழுக்க மணம் அம்மா. நான் மூக்கைப் பொத்தினன், அவர் கண்ணைத் துடைச்சார்.”

புது இடத்துக்கு மாறியதும் அண்ணன் தானே போன் எடுப்பானாம். அம்மா ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. நானும் அழுதேன். அம்மா கேட்ட கேள்விக்குள்ளேயே பதில் இருந்ததை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. கவனிக்க எனக்கு ஆசை இருக்கவும் இல்லை.

அந்த நாளோடு தேடல் நின்றது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பாரிசில் இருந்த சித்தப்பாவின் மகன் லீவு எடுத்துக்கொண்டு நேரே போய் விசாரிக்க ஆயத்தமாக இருந்தான். அம்மா மறித்துவிட்டா. “ஐயா கண்டவர்தானே. பிறகேன் போய் அவனைக் கரைச்சல்படுத்த வேணும்? அவன் எடுப்பான்.” அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, ‘தேடித் தாரும்’ என்று மன்றாடிக்கொண்டிருந்தவ, அதற்குப் பிறகு ‘காப்பாற்றும்’ என்று மன்றாடத் தொடங்கினா. நத்தாருக்கு நத்தார், பாலன் பிறந்த இரவில், போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பா. போன் வரவில்லை. ஆனாலும் மகன் இருக்கிறான் என்ற நிம்மதியோடுதான் கண்ணை மூடினா.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாட்டுக்குச் செல்வம் அண்ணை வந்திருந்தார். ஐயாவின் வாகனம் ஓடியவர், ஐயாவை விமான நிலையத்தில் இறக்கிவிட்டவரும் அவர்தான். அவருடைய இலையில் நான் இறால் கறியை விட்டபோது உருகிப்போனார்.

“அம்மாவின்ரை கைப்பக்குவம் ஆருக்கும் வராது தங்கச்சி. அண்டைக்கு எயாப்போட்டிலை ஐயா தந்த கருவாட்டுப் பேணியை நாங்கள் ஒரு கிழமையா வச்சுச் சாப்பிட்டனாங்கள்.”

“எந்தப் பேணி அண்ணை?”

“ஒல்லாந்து போகேக்கை. பெட்டி எல்லாம் மணக்குது, நீ கொண்டுபோ எண்டார். உங்களுக்குச் சொன்னவர்தானே?”

கையில் கறிச் சட்டியோடு நின்றேன். பாவம், அவர் அம்மாவைப் புகழத்தான் வாய் திறந்தார். இன்னும் கொஞ்சம் போடவா அண்ணை என்று கேட்டு, போட்டுவிட்டுக் குசினிக்குள் போய் இருந்துவிட்டேன்.

ஐயா அப்போது ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்தில் இருந்தார். போய்க் கேட்டேன். மறுக்கவில்லை.

“பிள்ளை, அங்கை சரியான குளிர். மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் சரிஞ்சன், நித்திரையாப் போனன். தாய் மனம் நோகக்கூடாதெண்டுதான் அப்பிடிச் சொன்னனான். அவா சந்தோசமாத்தானே போனவா?”

அவர் நித்திரை கொண்டதைக்கூட நான் மன்னித்திருப்பேன். போகவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நாங்கள் தேடியிருப்போம். நெற்றித் தழும்பு வரைக்கும் ஓமென்று சொன்ன வாய், அதையும் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொண்டது. அவர் வீட்டில் தந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பிறகு பாரிசில் இருந்து சித்தப்பாவின் மகன் போனான். அந்த வீட்டில் வேறு ஆட்கள். ஆனால் அடுத்த வீட்டு வயதான பெண்ணுக்கு அண்ணனை நினைவிருந்தது. தன் கணவன் செத்த வருடம், குளிர்காலம் முழுவதும் தன் வாசல் பனியை வழித்துவிட்டவன் இவன்தான் என்றாளாம். நெற்றியில் தழும்பு இருந்தது என்று அவளே சொன்னாளாம். அதற்கு அடுத்த வருடம் வீட்டை விட்டுப் போனானாம். எங்கே என்று தெரியாது. அவள் கணவன் செத்தது, ஐயா அங்கே போன வருடம்தான்.

அந்த வியாழக்கிழமை அண்ணன் அங்கே இருந்திருக்கிறான். கதவைத் தட்ட ஒரு ஆள்தான் வேண்டியிருந்தது.

இப்போது பணிப்பாளர்கள் வெளிநாடு போகும்போது பொதியோடு ஒருவரும் வருவதில்லை. எல்லாவற்றையும் கூரியரில் போடுகிறார்கள். தகரக் கூரைக் கந்தோரும் இல்லை. அம்மா கருவாடு காயவைத்த முற்றத்தில் அயலவர்கள் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்கள். தேடுவதற்கு என்னிடம் விலாசம் ஒன்றும் மிஞ்சவில்லை.

இன்று காலை சுகன்யா மறுபடி வந்து நின்றாள்.

“அக்கா, அந்த அரை நாளுக்கு என்ன போட?”

“ஓய்வு எண்டு போடும் பிள்ளை.”