சம்ரீன் படித்த ஜப்பானியம்

சம்ரீன் பி.ஏ. ஜப்பானியம் சேர்ந்தபோது அவள் அத்தா முகம்மது கனி ஒன்றுதான் கேட்டார். "இதைப் படிச்சிட்டு திருச்சியில யாரோடம்மா பேசப் போற?" பெரிய கடை வீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவளுக்கு அந்த எழுத்துகளை எழுதிப் பார்க்கப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பாடம் நடத்திய பிலோமின்ராஜ் சார், ஓசாகாவில் ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்பறையில் பல வருஷம் வேலை பார்த்தவர். அதனால் அவருடைய மாணவர்களுக்கு வந்ததும் வரவேற்பறை ஜப்பானியம்தான். பென்சில் இரவல் கேட்பதென்றாலும் இடுப்பை வளைத்து, மன்னிப்புக் கோரி, அப்புறம்தான் கேட்பார்கள்.

இரண்டாம் வருஷம் ஒரு நாள், தோழியைப் பார்க்க சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள் சம்ரீன். பக்கத்து சீட்டில் பருத்திப் புடவை கட்டிய ஒரு பெண், மடியில் ஜப்பானியப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். முகத்தைப் பார்த்தாலும் ஜப்பான்தான். காவிரிப் பாலம் வரும்வரை சம்ரீன் மனசுக்குள் வாக்கியம் கட்டினாள். பாலத்தில் பஸ் ஏறியதும் துணிந்து கேட்டுவிட்டாள். "மதிப்பிற்குரிய விருந்தினரே, தாங்கள் இன்னும் எத்தனை நாள் தங்கி எங்களைக் கௌரவிப்பீர்கள்?" என்கிற மாதிரி ஜப்பானியம்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்: "ஒரு வருஷம் இருப்பேன். கல்வெட்டு வாசிக்க வந்திருக்கேன். அடியேன் பேர் சிஹரு."

இப்போது சம்ரீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிஹரு, சித்திரை வீதியில் ஒரு வைஷ்ணவர் வீட்டு மாடியில் குடியிருந்தாள். தமிழ் பேசப் பழகியது அந்த வீட்டு மாமியிடம்.

இறங்குவதற்குள் ஒப்பந்தம் ஆகிவிட்டது. சிஹருவுக்குத் தெருவில் பேசுகிற தமிழ், சம்ரீனுக்கு வீட்டில் பேசுகிற ஜப்பானியம். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஸ்ரீரங்கத்து வீதிகளில் நடந்துகொண்டே பேசினார்கள்.

நோன்புப் பெருநாளுக்குச் சிஹரு சம்ரீன் வீட்டுக்கு வந்தாள். பிரியாணியை ரசித்துச் சாப்பிட்டவள், சம்ரீனின் அம்மா வஹீதாவிடம் தட்டை நீட்டினாள். "மாமி, கத்தரிக்காய் இன்னும் கொஞ்சம் சாதிக்கணும்."

வஹீதா கரண்டியோடு நின்றாள். "என்ன சாதிக்கணுமாம் இந்தப் புள்ள?"

"பரிமாறச் சொல்லுது," என்றார் கனி. "நம்ம கடைக்கு வர்ற ஸ்ரீரங்கத்துக்காரங்க பேச்சு."

வஹீதா சிரித்த சிரிப்பில் கரண்டி ஆடியது. "கத்தரிக்காய்தானே, நல்லா சாதிச்சிடுவோம்," என்று தட்டை நிறைத்தாள்.

சாயங்காலம் கிளம்பும்போது, "போயிட்டு வரேன் மாமி," என்றாள் சிஹரு. சம்ரீன் சட்டென்று நிமிர்ந்தாள். வீட்டை விட்டுக் கிளம்பும் ஜப்பானியர் சொல்வதும் இதேதானே. "இத்தெ கிமாஸ்", போய் வருகிறேன். பரீட்சைக்காக அதை உருப்போட்டவளுக்கு, அது நம் வீட்டுப் பேச்சேதான் என்று அதுவரை உறைக்கவில்லை. வீட்டில் இருப்பவர்கள் சொல்லும் பதில் அவள் வாயில் தானாக வந்தது. "இத்தெராஷ்ஷாய்." போய் வா.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த சிஹரு அப்படியே நின்றாள். "ஊரை விட்டு வந்தப்புறம் இதை எங்கிட்ட யாரும் சொல்லலை," என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. வஹீதா மகளிடம் அந்த வார்த்தையைக் கேட்டு, தானும் ஒரு தடவை சொல்லி அனுப்பினாள்.

அடுத்த வருஷம் சம்ரீன் மாணவர் பரிமாற்றத்தில் ஜப்பான் போய்ப் படித்தாள். இப்போது எம்.ஏ. படிக்கிறாள். சிஹரு மறுபடியும் வந்திருக்கிறாள். இந்தப் பக்கத்துக் கோயில்களைப் பற்றி ஜப்பானியத்தில் ஒரு சின்னப் புத்தகம் சேர்ந்து எழுதுகிறார்கள். போன வாரம் திருவெள்ளறையில், அந்த ஊர்ப் பேரை மொழிபெயர்ப்பதில் இருவருக்கும் சண்டை வந்தது. 'வெள்ளறை' என்றால் வெள்ளைப் பாறை, அது சுலபம். 'திரு'வை என்ன செய்வது? சிஹரு ஒரு சொல் சொன்னாள், சம்ரீன் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி வரும் பஸ்ஸிலும் வாக்குவாதம் ஓயவில்லை. கடைசியில் 'திரு'வை 'திரு' என்றே எழுதிவிட்டார்கள்.