ஏழடிக் கயிறு

எழுபதுகளின் கடைசியில் சிம்மக்கல் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அங்கே இருந்த வாட்ச்மேன் ஒல்லியான மனிதர். காக்கிச் சட்டையில் கழுத்துப் பட்டன்வரை போட்டிருப்பார். எந்த அறைக்குள் நுழைந்தாலும் வாசலிலேயே லேசாகச் செருமுவார்.

ஒருநாள் சாயங்காலம் அப்படிச் செருமிக்கொண்டு என்னிடம் வந்தார். அவரும் மனைவியும் பள்ளி வளாகத்திலேயே குடியிருந்தார்கள். வீட்டுக்கு முன்னால் மல்லிகைச் செடி வைத்துக்கொள்ள ஹெட்மாஸ்டர் பதினொன்றுக்குப் பதினான்கடி இடம் கொடுத்திருந்தார். எந்த வடிவில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், பரப்பு மட்டும் அதற்கு மேல் போகக்கூடாது.

“அம்புட்டு இடத்தையும் வட்டமாப் போடணும் சார். நடுவுல இருந்து ஓரம் எம்புட்டு தூரம் வரும்?”

“நேரா பாத்தி கட்டலாமே, எதுக்கு வட்டம்?”

“சம்சாரத்துக்குக் கண்ணு தெரியாது சார். நட்டநடுவுல ஒரு கம்பு ஊண்டி கயிறு கட்டிட்டா, அதைப் பிடிச்சிக்கிட்டே சுத்தி வந்து அவளே தண்ணி ஊத்திருவா. யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.”

பரப்பு நூற்றைம்பத்து நான்கு சதுர அடி. அதை ஏழால் பெருக்கி இருபத்திரண்டால் வகுத்தேன். நாற்பத்தொன்பது வந்தது. அதன் வர்க்கமூலம் ஏழு.

“சரியா ஏழடி” என்றேன்.

செடி நட்ட பிறகு போய்ப் பார்த்தேன். அந்த அம்மா ஒரு கையில் கயிறும் மறுகையில் பூவாளியுமாக வட்டத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. கயிறு ஐந்தடிதான் இருக்கும்.

“ஏழடின்னு சொன்னேனே?” என்று பக்கத்தில் நின்ற வாட்ச்மேனிடம் மெதுவாகக் கேட்டேன்.

“உங்க கணக்கு சரிதான் சார். அவ கையை நீட்டுனா ரெண்டடி வரும்ல.”

எத்தனையோ வருஷம் அந்தக் கணக்கைப் போர்டில் போட்டிருக்கிறேன். கயிற்றின் மறுமுனையில் ஒரு கை இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.