அலுமாரிக் காந்தம் பூட்டிய கிற்றார்

கொக்குவில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் ஐசாக்குக்குத் தன் காதுகளைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வேலிக்கு வெளியே போகும் சைக்கிளின் சத்தத்தை வைத்தே போகிறவர் யாரென்று சொல்லிவிடுவார். உபதேசியாரின் மகன், தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர். அந்தக் குழுவோடு கலியாண வீடுகளில் எலெக்ரிக் கிற்றார் வாசிப்பார். சங்கக்கடை வயிற்றுப்பாட்டுக்கு, கிற்றார்தான் மனிசனின் உயிர்.

எண்பத்தாறாம் ஆண்டு, யாழ்ப்பாணக் கோட்டை இராணுவ முகாம் பக்கமிருந்து வந்த ஷெல் ஒன்று அடுத்த வீட்டு வளவில் விழுந்தது. நல்லகாலம், யாருக்கும் காயமில்லை. அந்த அதிர்வில் வீட்டுக் கூரை ஓடுகள் கழன்று கிற்றாரின் மேல் விழுந்தன. ஐசாக்கின் காது சில நாள் இரைந்துகொண்டே இருந்தது. இரைச்சல் அடங்கிய பிறகு கிற்றாரைக் கழற்றிப் பார்த்தார். கம்பிகளுக்குக் கீழே இருந்து அவற்றின் அதிர்வைப் பிடித்து அம்பிளிபயருக்கு அனுப்புகிற பெட்டிக்குப் பிக்கப் என்று பெயர். அதற்குள் இருந்த சாம்பல் நிறக் காந்தம் இரண்டாக முறிந்து கிடந்தது.

முறிந்த காந்தம் செத்த காந்தம் என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இன்னொன்று வாங்க எந்தக் கடைக்குப் போவது? கண் அலுமாரியில் விழுந்தது. கதவைப் பிடித்து வைத்திருக்கும் கறுத்தக் காந்தம் அளவெடுத்துச் செய்தது போலவே இருந்தது. மனைவி தேவமலர் கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து அதைக் கழற்றிக் கிற்றாரில் பூட்டினார். ஆணியை நீட்டிப் பார்த்தார். பழையதைவிடப் பலமாக இழுத்தது. சந்தோஷமாக அம்பிளிபயரைப் போட்டு வாசித்தார்.

தகரத்தைக் கீறியது போல ஒரு சத்தம். அவருடைய கிற்றார் ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை. அதன் குழைவு எங்கேயோ ஓடிவிட்டது. காந்தத்தில் பிழை இருக்க முடியாது. அதுதான் இன்னும் நன்றாக இழுக்கிறதே. அப்படியென்றால்? ஐசாக்கின் கை தன்னாலேயே காதுக்குப் போனது.

காது பழுதாகிவிட்டதோ என்று அன்று பிடித்த பயம் பிறகு விடவில்லை. தேத்தண்ணிக் கோப்பையில் கரண்டி தட்டினாலும் கூராகக் கேட்டது. டொக்டரிடம் போகவும் பயம், அவர் ஓம், காது போய்விட்டது என்று சொல்லிவிட்டால்? குழுவில் கேட்டால் எல்லாரும் ஒரே மூச்சில் "நல்லாயிருக்கு அண்ணை" என்றார்கள். அதைவிடக் கொடுமை, தேவமலர் அவரோடு உரத்துக் கதைக்கத் தொடங்கியிருந்தாள். ஊருக்கே தெரிந்துவிட்டது என்று ஐசாக் முடிவு கட்டினார். அச்சுவேலியில் வருகிற கலியாணத்தோடு கிற்றாரை உறைக்குள் போட்டுவிடுவது என்று தீர்மானித்து, தனியே இருந்து அழவும் செய்தார்.

அந்தக் கலியாணத்துக்குத் தேவமலரின் தங்கை சுகிர்தம் வந்தாள். வவுனியாவில் நேர்ஸ். பஸ் பிந்தியதால் நேரே கலியாண வீட்டுக்கு வந்தவளுக்கு ஷெல் விழுந்த கதை தெரியாது. தெரிந்திருந்தாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பிறவி அல்ல அவள்.

முதல் பாட்டு முடிந்ததுதான் தாமதம், "என்ன அத்தான், உந்தக் கிற்றாருக்கு என்ன வருத்தம்? பல்லுக் கூசுது!" என்றாள்.

தேவமலர் அவளைக் கிள்ளினாள். ஐசாக் எழும்பியே விட்டார்.

"சுகிர்தம், உனக்கும் அப்பிடியோ கேட்டது?"

"பின்னை? எனக்கென்ன காது செவிடோ?"

ஐசாக் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் தண்ணீர் ஓடியது. தன் வாசிப்பை இப்படி ஏசியதற்காக ஒருத்தியைக் கும்பிட வேண்டும் போல அவருக்கு வந்தது அன்றுதான்.

குழுவுக்கு அம்பிளிபயர் பார்க்கிற தம்பிராசா தலையைச் சொறிந்தார். "எங்களுக்கும் அப்பிடித்தான் அண்ணை கேட்டது. ஷெல்லாலை உங்களுக்குக் காது மந்தமாப் போச்சு, அதாலை கூரா வைச்சு வாசிக்கிறியள் எண்டு நினைச்சம். மனம் நோகுமெண்டு சொல்லேல்லை."

"அட பாவியளே! உங்கடை இரக்கத்திலை நான் செத்திருப்பன்!"

தம்பிராசா பிக்கப்பைத் திறந்து பார்த்தார். "உதென்ன, அலுமாரிக் காந்தமோ? உது சட்டிபானை மாதிரிச் சுட்டுச் செய்யிறது. சத்தம் கூட வரும், கூராயும் வரும். பழையது உலோகக் கலவை. அதின்ரை இதம் உதிலை வராது."

"அது முறிஞ்சு போச்சே."

"முறிஞ்சால் என்ன அண்ணை, ரெண்டு துண்டும் காந்தம்தானே!"

அடுத்த நாள் ஐசாக் துண்டுகளைச் சேர்த்து வைத்தார். காந்த முனைகள் நீளப் பக்கங்களில் இருந்ததால் அவை கோபக்காரப் பிள்ளைகள் போல ஒன்றையொன்று தள்ளின. நூலால் இறுக்கிக் கட்டிப் பூட்டினார். வீட்டு முன் விறாந்தையில் இருந்து வாசித்தபோது சத்தம் ஒரு சொட்டுக் குறைவுதான். ஆனால் குரல் பழைய குரல். அப்படியே கதிரையில் சாய்ந்துவிட்டார். நெஞ்சுக்குள் அத்தனை நாளும் கிடந்த பாரம் இறங்கியது.

உள்ளே தேவமலர் கறுத்தக் காந்தத்தை அலுமாரியில் பூட்டிக்கொண்டிருந்தாள். "கள்ளன்," என்று தனக்குள்ளேயே முணுமுணுத்தாள். "கழட்டினது ஆரெண்டு எனக்குத் தெரியாதாம்."

"கேட்டுது தேவமலர்!" என்றார் ஐசாக் விறாந்தையிலிருந்து.