பித்தளைக் கோதின் சத்தம்

கைத்துப்பாக்கியால் சுட்ட பித்தளைத் தோட்டாக் கோதுகளை மகன், ரூஜ் பகுதியிலுள்ள எங்கள் வீட்டு பேஸ்மென்டில் கொட்டினான். மருந்து நிரப்பித் திரும்பச் சுடுவானாம். கருகிய மணம் என்னை ஐயாவிடம் கொண்டுபோனது.

ஊரில் தோட்டத்துக்குப் பன்றி வராமல் காவலிருந்த ஐயா, சுட்ட கோதுகளைத் திரும்ப நிரப்பமுன் என் கையில் தந்து குலுக்கச் சொல்வார். கீறல் விழுந்து வெடித்த கோது கிணுங்காது. "என்ரை பிள்ளையின்ரை காது பிழைக்காது" என்பார். ஒருநாள் விளையாட்டு அவசரத்தில் எல்லாம் நல்லதென்றேன். அதிலொன்று துப்பாக்கிக்குள்ளேயே சிதறி ஐயாவுக்கு ஒரு கண் போனது.

"துவக்குப் பழசு, பிள்ளை" என்றார்.

"அம்மா, நீங்கள் ஒருக்கால் குலுக்கிப் பாருங்கோவன்!" மகன் கோதுகளை நீட்டினான்.

குலுக்கினேன். மெல்லிய சத்தங்கள் எனக்குக் கேட்டு வருடங்களாகின்றன. அதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

"எல்லாம் வெடிப்பு. எறி."

"சும்மா இருங்கோ அம்மா" என்று சிரித்தபடி நிரப்பத் தொடங்கினான்.