போட்டிக்கு மூன்று பேர் வேண்டும்

பெற்றோலுக்காக ஊரே வரிசையில் நின்ற வருடத்தில்தான் நான் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகத் தொடங்கினேன். பிறகு பெற்றோல் வந்தது. கூடப் படிப்பிக்கிற ஆசிரியர்கள் எல்லாரும் மறுநாளே மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்தச் சைக்கிள் நோய் மாறவில்லை. நாற்பது வயது தாண்டிய கணக்கு டீச்சரான நான், கொழும்பில் யாரோ ஓடி அலுத்துப்போன பந்தய சைக்கிள் ஒன்றை வாங்கிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வளைந்த ஹாண்டில், விரல் தடிப்பில் டயர், உட்கார்ந்தால் முள்ளில் உட்கார்ந்த சுகம் தருகிற சீற்.

அடுத்த வீட்டில் என் தங்கை இருக்கிறாள். அம்மா ஒரே வளவைப் பிரித்து இரண்டு பேருக்கும் வீடு கட்டித் தந்ததால் அவளுடைய கண்ணில் படாமல் நான் படலையைத் திறக்க முடியாது. முதல் நாள் நான் குனிந்து ஓடுவதைப் பார்த்துவிட்டு, "தோடு விழுந்தாத்தான் றோட்ட இப்பிடிப் பாத்துப் பாத்துப் போவாங்க" என்றாள். அவளிடமும் சைக்கிள் உண்டு. முன்னால் கூடை பூட்டியது. சந்தைக்குப் போவாள், மீனோடும் மரக்கறியோடும் வருவாள். அதற்கு மேல் சைக்கிளிடம் அவள் எதையும் எதிர்பார்த்ததில்லை.

இந்த வருடம் மட்டக்களப்பில் நடக்கும் விளையாட்டு விழாவில் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வீதிச் சைக்கிளோட்டம் ஒன்று வைக்கப்போவதாக அறிவித்தார்கள். கல்லடியில் தொடங்கித் தெற்கே போய்க் கிறுகித் திரும்பி வரவேண்டும். நான் பெயர் கொடுத்தேன். அதோடு போனில் ஒரு வாரப் பயிற்சித் திட்டத்தையும் இறக்கிக்கொண்டேன். அதை எழுதியவர் எங்கோ குளிர்நாட்டுக்காரர். விடியற்காலையில் கையுறை போட மறக்க வேண்டாம் என்று அன்போடு சொல்லியிருந்தார். நான் படலையைத் தாண்டுவதற்குள் முதுகு நனைந்துவிடும்.

முதல் நாள் நெடுந்தூர ஓட்டம். ஓட்டமாவடிவரை போய்ச் சேர்ந்தேன். பெருமையோடு தேநீர்க் கடை ஒன்றில் இறங்கினேன். கடைக்கார நானா என் தலைக்கவசத்தையும் வேர்வையையும் பார்த்துவிட்டு, மட்டக்களப்பிலிருந்து பஸ் ஓடவில்லையா என்று கவலையோடு விசாரித்தார். ஓடுகிறது, நான்தான் சைக்கிளில் வந்தேன் என்றேன். அவர் இன்னும் கவலைப்பட்டுத் தேநீரில் ஒரு கரண்டி சீனி கூடப் போட்டார். திரும்பும் வழியில் டயர் வெடித்தது. பொலன்னறுவையிலிருந்து வந்த பஸ்ஸில் சைக்கிளை மடியில் வைக்காத குறையாக வைத்துக்கொண்டு வீடு வந்தேன். போன் அன்றைய பயிற்சியில் பாதியைத்தான் ஏற்றுக்கொண்டது.

அடுத்து மலை ஏறும் பயிற்சி வந்தது. வாவியைச் சுற்றியுள்ள எங்கள் பகுதியில் மலைக்கு எங்கே போவது? யோசித்து மண்முனைப் பாலத்தைத் தெரிந்தெடுத்தேன். நடுவில் லேசாக உயரும், அவ்வளவுதான். அந்த உயரத்தில் ஏறி இறங்கி, கிறுகி வந்து திரும்ப ஏறினேன். கொஞ்ச நேரத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து இன்னொரு தலைக்கவசம் வந்தது. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் விளையாட்டு டீச்சர். போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார் என்று எனக்கு முன்னமே தெரியும். என்னைப் பற்றி அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாலத்தின் நடுவில் இருவரும் பிரேக் பிடித்தோம். சும்மா காற்று வாங்க வந்ததாக அவர் சொன்னார். நானும் அதற்குத்தான் வந்ததாகச் சொன்னேன். இருவருக்கும் மூச்சு வாங்கியது. பிறகு ஆளுக்கொரு திசையில் போய், மற்றவர் மறைந்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பினோம். பாலத்தின் நடுவில் மறுபடியும் சந்தித்தோம்.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவர் அதுவரை பொறுமையாக இருந்தார். அதற்கு மேல் முடியாமல், "என்ன புள்ளையள் தொலைச்சிட்டீங்க? சொன்னா நானும் பாப்பன்தானே" என்றார். அப்போதுதான் இருவரும் சிரித்தோம்.

வாரத்தின் நடுவில் விளையாட்டு அலுவலர் போன் எடுத்தார். இரண்டு பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். மூன்று பேராவது தொடக்கக் கோட்டில் நிற்காவிட்டால் போட்டி வைக்க முடியாதாம். அவர் குரலில் துக்கம் எதுவும் தெரியவில்லை. எனக்கு உலகம் இருண்டது. வேறு வழியில்லாமல், யாரைத் தோற்கடிக்க விடியற்காலையில் எழும்பினேனோ அவரையே கூப்பிட்டேன். அவரும் என்னைக் கூப்பிடத்தான் போனைக் கையில் எடுத்திருந்தாராம்.

அதோடு பயிற்சி நின்றது, ஆள் பிடிப்பது தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். ஒரு தாதி, நோயாளிகளைத் தினமும் நடக்கச் சொல்பவர், தன் முழங்காலைக் காட்டினார். தையல்காரி ஒருத்தி, புருஷன் கட்டாரில் இருக்கும்போது தான் சைக்கிளில் ஓடினால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டாள். வங்கியில் வேலைசெய்யும் பெண் உடனே சம்மதித்தார். எங்களுக்கு மனம் நிறைந்தது. மோட்டார் பூட்டிய சைக்கிள்தானே என்று அவர் அடுத்ததாகக் கேட்டார்.

களைத்துப்போய் எங்கள் வளவுக்கு வந்தோம். தங்கை தேநீரும் வடையும் கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் பட்ட பாட்டை விளையாட்டு டீச்சர் அவளிடம் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். டீச்சர் சட்டென்று அவளிடம், "அக்கா, நீங்க சைக்கிள் ஓடுவீங்கதானே?" என்று கேட்டார்.

"சந்தைக்கு ஓடுவன்."

"இது சந்தைய விடக் கொஞ்சம் தூரம்."

"சரி, ஓடுறன்."

நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். இத்தனை நாளாக என்னைப் பார்த்துச் சிரித்தவள் இவள். நான் அவளிடம் திரும்பி, உனக்கு இதெல்லாம் பிடிக்காதே என்றேன்.

"நீ எங்க கேட்ட, அக்கா?" என்றாள் அவள். "ஊரெல்லாம் போய்க் கேட்டுட்டு வாறாய். நான் இஞ்சதானே இரிக்கன்."

அதில் குறும்பு இல்லை. அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளைக் கேட்கவேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை என்பதுதான் உண்மை.

போட்டிக்கு முதல் நாள் கால்களை உயர்த்தி வைத்துப் படுத்திருக்கச் சொன்னது போன். நான் தங்கையின் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து, அவளைப் பயிற்சிக்கு வாவிக்கரை வீதியில் கூட்டிக்கொண்டு போனேன். அவள் தெரிந்தவர்களைக் கண்ட இடமெல்லாம் இறங்கினாள். கண்டும் கதைக்காமல் போனால் என்ன நினைப்பார்கள் என்று என்னிடமே கேட்டாள். மற்றபடி நன்றாகத்தான் ஓடினாள். கூடையைக் கழற்றச் சொன்னதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர்ப் போத்தலை எங்கே வைப்பதாம்?

போட்டியன்று காலையிலேயே சோளகக் காற்று தொடங்கிவிட்டது. தெற்கே போகும்போது காற்று முகத்தில் அறைந்தது. மூன்று பேரும் சேர்ந்து புறப்பட்டோம். முதல் வளைவிலேயே தங்கை பின்தங்கினாள். விளையாட்டு டீச்சர் என் பின்சில்லோடு ஒட்டியபடி வந்தார். முன்னுக்கு வர ஒரு தடவைகூட முயலவில்லை. பாவம், களைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் இரக்கப்பட்டேன். அவருக்காகக் கொஞ்சம் மெதுவாகக்கூடப் போனேன். போகும் வழி முழுவதும் காற்றை என் நெஞ்சால் தடுத்து அவருக்கு நிழல் கொடுத்திருக்கிறேன் என்பது, கிறுகி வரும்போது அவர் என்னைத் தாண்டிப் போன விதத்தில்தான் விளங்கியது. கல்லடிக்கு நான் வந்து சேர்ந்தபோது அவர் முகம் கழுவி, தலை வாரி நின்றார்.

இரண்டாம் இடம். மோசமில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். தங்கையைக் காணவில்லை. அடுத்த போட்டியும் நடந்து முடிந்தது. கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்கள். அவளுடைய போன் என் பையில்தான் இருந்தது. யாருடைய வீட்டிலாவது கதைத்துக்கொண்டு நிற்பாள் என்று முதலில் கோபப்பட்டேன். பிறகு வீதியில் போகும் லொறிகள் ஒவ்வொன்றும் கண்ணில் பட்டன. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். கால்கள் வரமாட்டோம் என்றன. ஓடினேன்.

ஆரையம்பதி தாண்டி அவளைக் கண்டேன். வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். கிறுகித் திரும்பும்போது அறுந்த செயின் கூடைக்குள் கிடந்தது. முகம் சிவந்து, செருப்பின் வாரும் அறுந்திருந்தது. வழியில் ஒரு லான்ட்மாஸ்டர்க்காரர் தன் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றாராம். இவள் மறுத்துவிட்டாளாம்.

"ஏன் ஏறல்ல? உனக்கென்ன விசரா?" என்று கத்தினேன்.

"ஏறினா நான் ஓடின கணக்கில்லையே. மூண்டு பேர் இல்லாட்டிப் போட்டி இல்லயெண்டுதானே சொன்னீங்க? பிறகு நீங்க ரெண்டு பேரும் ஓடினது வீணாப் போயிருமே, அக்கா."

அந்த விதி தொடக்கத்துக்கு மட்டும்தான். அவள் முதல் வளைவோடு வீட்டுக்குத் திரும்பியிருந்தாலும் எங்கள் பதக்கங்கள் எங்களுக்குத்தான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. நானும் இறங்கினேன். பையில் கிடந்த என் செருப்பை அவளுக்குக் கொடுத்துவிட்டு, சைக்கிள் சப்பாத்தோடு பக்கத்தில் நடந்தேன். கொஞ்ச தூரம் போனபிறகு, இதைத்தான் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பிச் செய்கிறாயா என்று கேட்டாள். ஓம் என்றேன். பாவம் என்றாள்.

அவள் கோட்டைக் கடந்தபோது கதிரை அடுக்கியவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். அன்று முதலாவதாக வந்த யாருக்கும் அப்படிக் கைதட்டவில்லை. படமும் அவளைத்தான் எடுத்தார்கள். எங்கள் வீட்டு ஒழுங்கைக்கு நாங்கள் வந்து சேரும் முன்பே, அக்காவும் தங்கச்சியும் பதக்கம் வென்றுவிட்டார்கள் என்ற செய்தி வந்திருந்தது. யார் இரண்டாவது, யார் மூன்றாவது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் இரண்டு பேரிடம்தான் விளக்கப் பார்த்தேன்.

மத்தியானம் தங்கையின் வீட்டில் நண்டுக்கறி. விளையாட்டு டீச்சரும் வந்திருந்தார். சுணங்கியதற்குக் காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் தங்கை கதையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவள் நடந்த தூரம் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது. "நான் லான்ட்மாஸ்டர்ல ஏறியிருந்தா இவங்கட போட்டியே இல்ல" என்று அவள் முடித்தபோது, டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். இல்லையக்கா, அந்த விதி என்னவென்றால் என்று விளக்கத் தொடங்கினார். நல்ல டீச்சர்; பிழையைக் கண்டால் பொறுக்கமாட்டார்.

சட்டியில் இருந்ததில் பெரிய நண்டை எடுத்து அவர் சோற்றுக் கோப்பையில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு நண்டை உடைக்கத் தொடங்கினார்.