அண்ணன் கேட்ட பெயர்

என் மனைவிக்கு எங்கள் குடும்பத்தில் வைத்த பட்டப்பெயர் பூட்டு. கல்யாணமான புதிதில் என் அண்ணி வைத்தது. கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற வேலை அவளுக்கு. ஊரில் பாதிப் பேர் அவள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துப் பலகையைப் படித்தவர்கள். ஆனால் யாருக்குக் கண்ணில் என்ன கோளாறு என்று தலைகீழாக நின்று கேட்டாலும் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. எங்கள் கல்யாணத்துக்கு வந்திருந்த ஒரு பெரிய மனிதரைப் பற்றி அண்ணி எத்தனையோ விதமாகத் துருவிப் பார்த்தார். "அதை அவர்கிட்டயே கேளுங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே நழுவிவிட்டாள். அன்றிலிருந்து பூட்டு.

மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ரயில் பெட்டி மாதிரி நீளமான கடை அது. முன்னால் பிரேம்கள், நடுவில் சோதனை அறை, கடைசியில் லென்ஸை வெட்டித் தேய்க்கும் இயந்திரம். தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடும். அதிலிருந்து தெறிக்கும் வெள்ளைச் சேறு அவள் முழங்கை வரைக்கும் காய்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் கவனிப்பாள்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் அவள் மாட்டிக்கொண்டதும் இந்தக் கடையால்தான். சொட்டு மருந்து விட்டால் கண்புரை கரைந்துவிடும் என்று அதில் படித்துவிட்டு ஒரு அம்மா அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று அடம்பிடித்தார். இவள் திறந்து பார்த்தாள். யாரோ புளுகி வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று கீழேயே எழுதியிருந்தது, திருத்தினாள். அதோடு விட்டாளா? கண்ணிலிருந்து லென்ஸ், லென்ஸிலிருந்து கலங்கரை விளக்கம், அங்கிருந்து பாலங்கள், பூச்சிகள் என்று போய்க்கொண்டே இருந்தாள். கடையில் ஆள் இல்லாத மதியமெல்லாம் அதுதான். அங்கே அவளுடைய பெயர் 'சின்னத் திருகு'. கண்ணாடிச் சட்டத்தில் இருக்குமே, கீழே விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாத அந்தத் திருகு. நிஜப் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"இதுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று ஒருமுறை கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் இரண்டாம் முறை கேட்கத் தோன்றவில்லை. லாபம் பார்க்காத அறக்கட்டளை ஒன்று எங்கோ தூரத்தில் இருந்துகொண்டு, மக்கள் தரும் நன்கொடையில் அதை நடத்துகிறது. எழுதுகிறவர்கள் எல்லோரும் இவளைப் போல வேலை மெனக்கெட்டு எழுதுகிறவர்கள்தான்.

சில வருடங்களில் மற்றவர்கள் ஓட்டுப் போட்டு அவளிடம் ஒரு சாவியைக் கொடுத்தார்கள். ஒரே ஆள் பத்து முகமூடி போட்டுக்கொண்டு வந்து கட்டுரைகளை நாசம் செய்தால் பிடிக்க வேண்டுமே, அதற்காக, எழுதியவர் எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தார் என்று பார்க்கும் அதிகாரம். ஆயிரக்கணக்கானவர்களில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களுக்குத்தான் அது உண்டு. ஏன் பார்த்தாய் என்று ஒவ்வொரு முறையும் காரணம் எழுத வேண்டும். பார்த்ததை மற்ற சாவிக்காரர்கள் சரிபார்ப்பார்கள். மூன்று மாதம் போனால் அந்த விவரம் தானாக அழிந்துவிடும். இல்லாததை யாரும் பிடுங்க முடியாது அல்லவா?

இனி என் அண்ணன். ஒரே ஒரு பழைய பஸ்ஸை வைத்துக்கொண்டு, தானே ஓட்டி, தானே கழுவி, இன்று மூன்று ஷெட் நிறைய பஸ் வைத்திருப்பவர். என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான். படிப்பு ஏறாதபோது உதிரிபாக ஸ்டோரில் உட்கார வைத்தவரும் அவர்தான். அண்ணன் என்றால் எனக்கு உயிர். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் திட்டும்போது மறந்துவிடாதீர்கள்.

அவருடைய பஸ் ஒன்று பாலத்துக்கு முன்னால் பள்ளத்தில் கவிழ்ந்தது. உயிர்கள் போயின. விசாரணைக் குழு உட்கார்ந்தது. டிரைவர் தூங்கிவிட்டார் என்று அறிக்கையின் சுருக்கம் சொன்னது. எல்லோரும் படித்தது அந்தச் சுருக்கத்தைத்தான். கால் உடைந்த டிரைவர் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

அப்போது கலைக்களஞ்சியத்தில், எங்கள் பஸ் கம்பெனியைப் பற்றிய கட்டுரையில், யாரோ ஒரு வரி சேர்த்தார்கள். 'முந்தின நாள் முழுவதும் ஓட்டிய அதே டிரைவரையே ஓய்வு தராமல் மறுநாளும் அனுப்பினார்கள் என்று குழுவின் முன் சாட்சியம் உள்ளது.' அதற்கு ஆதாரமாக அறிக்கையின் பின்னிணைப்பையும் குறிப்பிட்டிருந்தார்கள்.

அண்ணன் கொதித்துப் போனார். "ஷெட்டுக்குள்ள இருக்கிற எவனோதான்டா எழுதிருக்கான். என் உப்பைத் தின்னுட்டு எனக்கே குழி பறிக்கிறான். எவன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

வக்கீல் வந்தார். வரியை நீக்கு, எழுதியவன் யார் என்ற விவரத்தைக் கொடு என்று அறக்கட்டளை மேல் வழக்குப் போட்டார். அவர்களுடைய வக்கீலோ, எழுதியது நாங்கள் இல்லை, இடம் கொடுப்பது மட்டும்தான் எங்கள் வேலை, கேட்டவர்களுக்கெல்லாம் ஆளைக் காட்டிக்கொடுத்தால் நாளைக்கு ஒருத்தரும் எழுத மாட்டார்கள் என்று வாதாடினார். அறிக்கையில் அப்படி ஒரு வரியே கிடையாது, இது கட்டுக்கதை என்று எங்கள் வக்கீல் சாதித்தார். விவரம் அழியாமல் பத்திரமாக வையுங்கள், கொடுப்பதா வேண்டாமா என்று அடுத்த விசாரணையில் பார்ப்போம் என்று நீதிபதி தள்ளி வைத்தார்.

அண்ணனுக்கு அதுவரை பொறுமை ஏது? எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

முன்னறையில் சுவர் முழுக்க பஸ் படங்கள். அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றார். அண்ணன் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வாம்மா, உட்காரு. கேஸ், கோர்ட்டு எல்லாம் எதுக்கு? உன் கையில சாவி இருக்கு. ஒரு தடவை திறந்து பார்த்துட்டு பேரை என் காதுல மட்டும் சொல்லு. கேஸையே வாபஸ் வாங்கிடறேன்."

"அதுல பேர் தெரியாது அத்தான். எந்த இணைப்புன்னுதான் தெரியும்."

"அது போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

"முடியாது அத்தான்."

"ஏன் முடியாது? போன வருஷம் எவனோ பத்துப் பேர்ல வந்து என் கம்பெனியைக் கெட்ட வார்த்தையில திட்டினானே, அப்ப மட்டும் பிடிச்சே?"

"அப்பவும் நான் பார்க்கல. நீங்க எனக்குச் சொந்தம், அதனால நான் தொடக்கூடாதுன்னு வேற ஒருத்தர்கிட்ட விட்டுட்டேன். அவர்தான் பிடிச்சாரு."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ என்னடா, வாயில கொழுக்கட்டையா? வீட்டுல ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்குத் துப்பில்லையா? ஸ்டோர்ல உன்னை உட்கார வச்சது யாருன்னு மறந்து போச்சா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளோடு சண்டை போட்டேன். அண்ணனுடைய பஸ்தான், அதனால் குரலைத் தாழ்த்திச் சண்டை போட்டேன். "ஒரே ஒரு தடவைதானே? யாருக்குத் தெரியப்போகுது?"

"பார்த்தா பதிவாகும். மத்தவங்க கேட்பாங்க. சரி, யாருமே கேட்க மாட்டாங்கன்னு வச்சுக்கோங்க. எழுதின ஆளுக்கு நாளைக்கு வேலை போகும், இல்லையா?"

"போகும்."

"அந்த வேலையைப் பறிச்சது நானா இருக்கணுமா?"

"நம்ம வேலை போனா பரவாயில்லையா?"

எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. பயமும் அதில் கலந்திருந்தது.

அதற்குள் அறக்கட்டளையிலிருந்து சாவிக்காரர்களுக்கெல்லாம் செய்தி வந்தது. நீதிமன்றம் உங்களையும் இழுக்கலாம், ஒதுங்க நினைப்பவர்கள் சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டோம் என்று. அவள் அதைப் படித்துவிட்டு, ஒரு குழந்தையின் கண்ணாடிக்குக் காது வளைவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கடை விடுமுறை நாளில், "நூலகத்துக்குப் போறேன், வர்றீங்களா?" என்றாள். கோபம் இருந்தாலும் போனேன். விசாரணை அறிக்கை அச்சில் மட்டும்தான் இருந்தது, இணையத்தில் கிடையாது. நூலகர் அதை அடியிலிருந்து உருவி, தூசி தட்டிக் கொடுத்தார். சுருக்கத்தைத் தள்ளிவிட்டுப் பின்னிணைப்புக்குப் போனாள். சாட்சியங்கள் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக ஓடின. எனக்குக் கண் சொருகியது. அவள் கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வரிவரியாகப் போனாள்.

"இங்க பாருங்க" என்றாள்.

பார்த்தேன். பஸ்களை அனுப்பும் நேரக் கண்காணிப்பாளரின் சாட்சியம். 'வேறு ஆள் இல்லாததால் அவரையே மறுபடியும் அனுப்பினோம். உடம்பு தாங்காது என்று அவர் சொன்னார்.' அந்த டிரைவர் என் ஸ்டோர் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு எத்தனை முறை விளக்கு பல்பு கேட்டிருக்கிறார்! அண்ணனுக்கு இது தெரியுமா தெரியாதா என்று யோசித்தேன். தெரியாது என்று நினைத்துக்கொள்ளவே ஆசைப்பட்டேன்.

"நீயே இதை அங்க எழுதிடேன்" என்றேன். என் வாய்தான் சொன்னது, எனக்கே ஆச்சரியம்.

"கட்டுரையில நான் கை வைக்கக்கூடாது, சொந்தக்காரி. ஆனா பக்கத்துல விவாதம் பண்றதுக்குன்னு ஒரு பக்கம் இருக்கு. அங்க எழுதலாம். யார்னு சொல்லிட்டு எழுதணும்."

"யார்னு சொல்றதுன்னா?"

"என் பேரு, நான் உங்க அண்ணனுக்கு என்ன உறவு, எல்லாம்."

இத்தனை வருடமாக ஒருவருக்கும் தெரியாமல் காப்பாற்றிய பெயர். அதை அவள் அன்று மதியம் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதினாள். முதலில் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். தானும் இதில் ஒரு தரப்பு ஆகிவிட்டபின் அது தன் கையில் இருக்கக்கூடாதாம். பிறகு விவாதப் பக்கத்தில் தன் முழுப் பெயரைப் போட்டு, 'இந்தக் கம்பெனி முதலாளியின் தம்பி மனைவி நான். இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த நலன் உண்டு. அறிக்கையை நூலகத்தில் பார்த்தேன். அந்த வரி சரியானது' என்று எழுதி, பக்க எண்ணையும் கொடுத்தாள்.

முதல் பதில் 'மழைக்கோட்டு' என்ற பெயரில் யாரோ ஒருவரிடமிருந்து வந்தது. 'நீங்கள் உறவினர் என்பதால் உங்கள் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நானே போய்ப் பார்க்கிறேன்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குடும்பத்தையே பகைச்சுக்கிட்டு எழுதியிருக்கே, உன்னை நம்ப மாட்டாராமா? யாரு இவரு, பெரிய இவரு!"

அவளோ சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். "அப்படித்தாங்க இருக்கணும்" என்றாள். மழைக்கோட்டு நிஜமாகவே நூலகத்துக்குப் போனார். இன்னொருவரும் போனார். இரண்டு பேரும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்து சரி என்று எழுதினார்கள்.

அண்ணன் தொலைபேசியில் கத்தியது எனக்குச் சமையலறை வரைக்கும் கேட்டது. "ஊரே பார்க்கிற இடத்துல உன் பேரைப் போட்டு என்னைக் காட்டிக் கொடுத்திருக்கியேம்மா!"

"உங்களுக்கு ஒரு பேர் வேணும்னு கேட்டீங்களே அத்தான். என் பேரைத்தான் என்னால குடுக்க முடியும்."

அவர் போனை வைத்துவிட்டார். மறுநாள் ஸ்டோர் சாவியை மேனேஜர் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பார்க்கப்போனால் ஒரே வாரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு சாவி போயிற்று.

அடுத்த விசாரணையில் அறக்கட்டளை வக்கீல் அறிக்கையையே கொண்டுவந்து நீட்டினார். இந்த வரி இதில் இருக்கிறதா இல்லையா என்று நீதிபதி எங்கள் வக்கீலைக் கேட்டார். இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அச்சான அறிக்கையில் இருப்பதை எடுத்து எழுதியவர் யாராக இருந்தால் என்ன, பெயர் கொடுக்கத் தேவையில்லை என்று தீர்ப்பானது. பத்திரப்படுத்தி வைத்த விவரமும் அழிந்தது. டிரைவரின் வக்கீல் அந்தப் பக்கத்தைத் தன் வழக்கிலும் காட்டியிருக்கிறார், அது இன்னும் நடக்கிறது. அந்த வரியை எழுதியது யார் என்று எனக்கு இன்றும் நமைச்சல் உண்டு. "எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம்" என்பாள் இவள்.

நான் ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணன் வீட்டிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. தெருவில் அவருடைய பஸ் போனால் நான் ஏறுவதில்லை, நடந்தே போவேன். ரோஷம்தான், வேறென்ன.

ஒரு நாள் மதியம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கடைக்கு அடுத்த தெருவில் அண்ணன் கார் நின்றது. கடைக்குள் நுழைந்தால் சோதனை அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அண்ணன் குரல். இவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஷெட்டுல ஒருத்தனுக்கும் தெரியக்கூடாதும்மா. பேங்குக்குத் தெரியக்கூடாது. உங்க அக்காவுக்குக்கூட இப்போதைக்கு வேணாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா எவனாவது பார்த்துருவான். அதான் உன்கிட்ட வந்தேன்."

"வெளிய போகாது அத்தான். தலையை அசைக்காம நேரா பாருங்க."

நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் வெளியே வந்தார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் வெளிச்சம் கூசி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொள்ளவே ஒரு நிமிடம் ஆயிற்று.

"அவகிட்ட ஒண்ணும் கேட்காதடா" என்றார். பிறகு, "கேட்டாலும் சொல்ல மாட்டா" என்று சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கார் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன்.

அவள் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை, என் கூடப் பிறந்தவர் ஆயிற்றே.

"அண்ணனுக்குக் கண்ணுல என்ன?"

"அதை அவர்கிட்டயே கேளுங்க" என்றாள்.

அண்ணனுக்குக் கண்ணில் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.